மஞ்சள் கடுதாசிக்குப் பதிலாக

எனக்கு யாரிடமும் கைநீட்டிக் கடன் கேட்கும் பழக்கம் இல்லை மேடம். மணப்பாறையிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரைகூட வாங்கியது கிடையாது. என் மனைவி ரஞ்சிதா உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் என்னென்னவோ எழுதியிருக்கிறாள். இதை எழுதியிருக்க மாட்டாள்.

கிரெடிட் கார்டும் நான் கேட்டு வந்ததில்லை. சிப்காட்டில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே, டை கட்டிய ஒருவர் குடைக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டால் தோள்பை இலவசம். நல்ல பை. அதில் ஆரம்பித்தது. ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டால் அடைத்து, அதை வேறொன்றால் அடைத்து, இரண்டாயிரத்து எட்டில் கையில் ஐந்து கார்டு. பெரிய டி.வி., ஃபிரிட்ஜ், ரஞ்சிதா கேட்காத வாஷிங் மெஷின், எல்லாம் குடும்பத்துக்காகத்தான். அந்த வருடம் ஆர்டர் குறைந்து எங்களுக்கு ஓவர்டைம் நின்றுபோனது. வட்டி மட்டும் ஓவர்டைம் பார்த்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். "பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்துருங்க" என்றார். "திவால்னு கோர்ட்ல சொல்லிட்டா தொல்லை விட்டுது. பேப்பர்ல பேரு வரும், அது பரவால்லதானே?"

என் அப்பா டீக்கடையில் பேப்பரை டெண்டர் நோட்டீஸ் வரை விடாமல் படிக்கிறவர். என் பெயரை அங்கே பார்த்தால் உயிரை விட்டுவிடுவார். அப்பா உயிர் போகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் அவர் இறந்துபோனதாக பிரேம்குமாரிடம் சொன்னேன்.

பிரேம்குமார் கார்டு பாக்கி வசூலிக்கிற ஏஜென்ட். தளி ரோட்டுக்காரர். அன்றைக்கு வீட்டுக்கே வருவேன் என்று போனில் பிடிவாதமாக நின்றார். எனக்கு வாயில் அது வந்துவிட்டது.

"ஹௌதா சார்?" என்றார். அப்படியா என்று அர்த்தம், வருத்தம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். "காரியமெல்லாம் முடிச்சிட்டு நிதானமா பேசுங்க சார். ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன்."

ஒரு மாதம் போனே வரவில்லை. அப்பாவால் எனக்கு அவ்வளவு பெரிய உதவி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்து அம்மா. அப்பா போன ஏக்கத்தில் போய்விட்டதாகச் சொன்னேன். அவர்கள் அப்படி ஒற்றுமையாக இருந்தவர்கள். பிறகு பர்கூரில் இருக்கும் மாமியார். நான் கண்டபடி செய்யவில்லை மேடம், வயதுப்படிதான் போனேன். மாமனார் ஏற்கெனவே நிஜமாகக் காலமாகிவிட்டவர். அவரை நான் தொடவில்லை.

பெரியவர்கள் தீர்ந்துபோன பிறகு ரஞ்சிதாதான் இருந்தாள். ரொம்ப யோசித்தேன். அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தால் மனசு கஷ்டப்படுவாளே என்று மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசினேன். பிரேம்குமார் போனிலேயே அழுதுவிட்டார்.

அவர் அவ்வளவு நல்லவராக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்தது ரஞ்சிதா.

"ராஜேஷ்குமார் சார் வீடுதானுங்களே? அவரு சம்சாரம் தவறிட்டாங்கன்னு... நீங்க அவங்க தங்கச்சிங்களா?"

"நான்தாங்க அவரு சம்சாரம்."

பிரேம்குமார் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் அந்த நாகரிகம் அவருக்கு இருந்தது. ரஞ்சிதா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். தன் அம்மா பெயர் வந்ததும் எழுந்துபோய் பர்கூருக்குப் போன் போட்டாள். மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

அதற்கு மேல் உள் ரூமில் உட்கார்ந்திருப்பது மரியாதையாக இருக்காது என்று நானே வெளியே வந்தேன். வக்கீலைப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். ரஞ்சிதா கத்தவில்லை.

"அந்த மஞ்சக் கடுதாசியக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல?"

"குடும்பத்துப் பேரு கெட்டுப்போயிரும்ல."

"குடும்பத்துல யாரு மிச்சம்?"

அவள் நாலு வயது மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிரேம்குமார் பக்கம் திரும்பி, "இவளப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

பிரேம்குமார் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கடைசியில் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத்தான் அவள் குழந்தையோடு நேராக இங்கே வந்தாள்.

மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன் மேடம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். பாப்பா விஷயத்தில் மட்டும் ரஞ்சிதா ரொம்பப் பெரிதுபடுத்துகிறாள். காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.