கதவு திறக்காவிட்டால்

— கேட்டீங்களா? தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?

— இப்போ என்ன குடி முழுகிப் போச்சு? சாப்பாட்டு மேசையில கிடந்துச்சு, பாத்தேன். லாஜிக் தப்பா இருந்துச்சு, சரி பண்ணி வெச்சேன். பொண்டாட்டிக்கு ஒரு வேலை மிச்சம்னு நினைச்சேன்.

— அது என் ஸ்டூடண்ட் பண்ணினது. உங்க ஆபீஸ் வேலை இல்ல.

— டீச்சரம்மா, ஸ்டூடண்ட் பண்ணினதுல தப்பு இருந்தா யாராவது திருத்தித்தானே ஆகணும். நான் சோறு திங்கிறதே இந்தத் தொழில்லதான்.

— என் கோடிங் வகுப்புல அடுத்தவங்க டேப்லெட்ல அடுக்கின கட்டளை ப்ளாக்கை யாரும் தொடக் கூடாது. நானே தொட மாட்டேன். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் நிப்பேன். தெரிஞ்சவங்க கை முன்னாடி வந்துச்சுன்னா கத்துக்கிறவங்க கை தானா பின்னாடி போயிடும்.

— பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ அதைப் பாத்தியா இல்லையா? அவ்வளவு பெரிய தப்பு கண்ணுல படலையா?

— முதல்ல நீங்க என்ன பண்ணினீங்கன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம.

— சொல்ல என்ன இருக்கு. ஒரு அட்டைப் பெட்டி. நடுவுல தடுப்பு வெச்சு ரெண்டு ரூம். தடுப்புல ஒரு கதவு. கதவுல காந்தம் ஒட்டி, திறந்திருக்கா மூடியிருக்கான்னு பாக்குற சென்சார். ஒரு குட்டி பல்பு. பாத்த உடனே தெரிஞ்சு போச்சு, திருடன் வந்தா காட்டிக் குடுக்குற அலாரம். கதவு திறந்தா பல்பு எரியணும். சிம்பிள்.

— திருடன்னு யார் சொன்னா உங்களுக்கு?

— கதவுல சென்சார் பின்ன எதுக்கு வைப்பாங்க, அழகுக்கா? சரின்னு டேப்லெட்டை எடுத்துப் பாத்தா எல்லாம் தலைகீழா கிடக்கு. கதவு மூடியே இருந்தா அந்த ஏணிப் படம் போட்ட ப்ளாக் ஒரு படி ஏறுது. இன்னும் திறக்கலையா, இன்னொரு படி. உச்சிக்குப் போனதும் பல்பு எரியுது. யாராவது கதவைத் திறந்தா பல்பு அணைஞ்சு ஏணி மறுபடி கீழ இறங்கிடுது. அதாவது திருடன் வராத வரைக்கும் அலாரம். வந்துட்டான்னா நிம்மதி. சிரிப்பு வருமா வராதா?

— சிரிச்சீங்களா?

— லேசா.

— சிரிச்சுட்டு?

— ஏணியைத் தூக்கிட்டேன். மூணே ப்ளாக், வேலை முடிஞ்சுது. பல்பு வேற தப்பான ரூம்ல இருந்துச்சு. ஒரு பக்கம் கட்டில் மாதிரி ஒண்ணு வெச்சிருக்கு, இன்னொரு பக்கம் மேசை. ஆள் தூங்குறது கட்டில்ல, பல்பு மேசையில. எரிஞ்சா யாருக்குத் தெரியும்? பிச்சு கட்டில் பக்கம் ஒட்டினேன்.

— பழசை எங்கயாவது வெச்சிருக்கீங்களா?

— அதுக்கு மேலயே சேமிச்சுட்டேன். குப்பையை எதுக்குச் சேத்து வைக்கணும்?

— எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. நிஜமா சொல்றேன், உங்க மேல இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்ல.

— அட, இதுக்குப் போயா? குடு இங்க. ரெண்டு நிமிஷத்துல பழையபடி தப்பாவே போட்டுத் தர்றேன்.

— நீங்க ரெண்டு நிமிஷத்துல போடுவீங்க. அவங்களுக்கு ஒரு ப்ளாக்கை இழுத்து இன்னொண்ணோட ஒட்ட வைக்க ஒரு மதியம் முழுக்க ஆகியிருக்கு. நழுவும். மறுபடி இழுப்பாங்க. நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டும். அந்த ஏணி சரியா ஏறின அன்னிக்கு அவங்க முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க. அதைத்தான் குப்பைங்கிறீங்க.

— என்ன ‘அவங்க, இவங்க’? பத்து வயசுப் பசங்களுக்கு இவ்வளவு மரியாதையா?

— என் வகுப்புல எல்லாருமே ‘அவங்க’தான்.

— எல்லாரையும் தலையில தூக்கி வெச்சுக்கோ. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டா கேளு. இந்த ஸ்டூடண்ட் தேற மாட்டான். ப்ளாக் எல்லாம் திரையோட இடது ஓரத்துல குமிஞ்சு கிடக்கு, கூளம் மாதிரி. எழுத்து ஒண்ணு கிடையாது, எல்லாம் படம். படிக்கத் தெரியாத கேஸ் போல.

— எழுத்து வரலைன்னா யோசனையும் வராதா?

— வரலாம். தெரியணும்ல.

— எப்படித் தெரியும்? தெரியற வரைக்கும் பக்கத்துல உக்காரணும். நீங்க உக்கார மாட்டீங்க. ஒரு பார்வை பாப்பீங்க, தீர்ப்பு எழுதிடுவீங்க. நாலு பேர் முன்னாடி நான் ஒரு விஷயம் சொன்னா, ‘அவ என்ன சொல்ல வர்றான்னா’ன்னு ஆரம்பிப்பீங்க. நான் சொல்ல வந்தது அதுவா இருக்காது. இருந்தாலும் நீங்க சொன்னதுதான் நிக்கும். அதே புத்திதான் இங்கயும்.

— எங்க இருந்து எங்க போறே பாரு. நாளைக்குப் பத்து மணிக்கு அந்த முதியோர் இல்லத்து வண்டி வருது. அம்மாவோட துணிமணி எடுத்து வைக்கணும், மருந்து எடுத்து வைக்கணும். தலைக்கு மேல வேலை கிடக்கு. இந்த நேரத்துல ஒரு பல்புக்குச் சண்டை பிடிக்கிறே.

— அந்த வண்டி வர்றதுக்கு முன்னாடி, காலையில இதைக் காட்டறதா இருந்தோம். அதுக்குத்தான் மேசையில எடுத்து வெச்சேன்.

— வண்டி வர்ற அவசரத்துல யாருக்குக் காட்டப் போறே? அடுத்த வாரம் காட்டிக்கட்டும்.

— அடுத்த வாரம் ஆகாது.

— ஏன் ஆகாது? போட்டியா, பரிசா? ஓ, புரிஞ்சு போச்சு. கோபம் பல்பு மேல இல்ல. அம்மாவை அனுப்புறதுல உனக்கு இஷ்டமில்ல. அதைத்தான் சுத்தி வளைச்சு இங்க கொண்டாந்து கொட்டுறே.

— இஷ்டமில்லதான். நேராவே சொல்லியிருக்கேன், பல தடவை.

— எனக்கு மட்டும் ஆசையா? பெத்தவங்களை வண்டியில ஏத்தி அனுப்பறது எனக்கு இனிக்குதா? பேச்சு போச்சு, ஒரு பக்கம் கை கால் போச்சு. டாக்டரே சொல்லிட்டார், எவ்வளவு புரியுதுன்னு சொல்ல முடியாதுன்னு.

— ‘சொல்ல முடியாது’ன்னார். ‘புரியல’ன்னு சொல்லல. அதையும் நீங்கதான் திருத்திக்கிட்டீங்க.

— அன்னிக்குப் போய் நின்னேன் இல்ல? ‘அம்மா’ன்னேன். சுவத்தைப் பாக்குற மாதிரி பாத்தாங்க. ஒரு காலத்துல அம்மா வாயைத் திறந்தா தெருவே அடங்கும். அதே வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு... நிக்க முடியாம திரும்பி வந்துட்டேன். நீ தினமும் பாத்துப் பழகிட்டே.

— என்னிக்குப் போய் நின்னீங்க?

— என்னிக்குன்னா? போன... அதான், அந்த மழை வந்தப்ப.

— மழைக்காலம் முடிஞ்சு வெயில் கொளுத்துது. பக்கத்து ரூம்தானே? உங்க மேசையில இருந்து எழுந்தா நாலு எட்டு. நானும் அவங்களைப் பாத்துக்கிற அக்காவும் கூடம் வழியா சுத்திப் போறோம். உங்களுக்கு நடுவுல ஒரு கதவுதான். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்கன்னா அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

— வேலை பாக்குறேன். அம்மாவோட மருந்தும், அந்த அக்காவோட சம்பளமும் இந்த ஹெட்போன்ல இருந்துதான் வருது.

— இல்லைன்னு சொல்லல. அவங்களுக்குப் புரியுதுன்னு நான் சொன்னா என்ன சொன்னீங்க? ‘உனக்குப் பாசம், அதனால அப்படித் தோணுது’ன்னீங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல. நான் சொன்னா எடுபடாதுன்னு ஆகிப் போச்சு.

— சரி, விடு. இப்போ என்ன செய்யணுங்கிறே? அந்த ஏணியைப் பழையபடி போடணும், அவ்வளவுதானே? ஆனா எதுக்குன்னு சொல்லு. திறக்காத கதவுக்கு ஒருத்தர் ஏன் விளக்கு வைக்கணும்? எந்த ஊர் லாஜிக் அது?

— நீங்களே யோசிங்க. ஒரு ரூம்ல ஒருத்தர் படுத்திருக்காங்க. பக்கத்து ரூம்ல ஒருத்தர் மேசையில உக்காந்து வேலை பாக்குறாங்க. நடுவுல கதவு. நாள் முழுக்க அந்தக் கதவு திறக்கவே இல்லைன்னா மேசையில விளக்கு எரியும். திறந்து வந்துட்டா அணைஞ்சுடும். திட்டாது, சத்தம் போடாது. எரியும், அவ்வளவுதான்.

— அந்தப் பெட்டியை இப்படித் திருப்பு.

— இப்போ தப்பாத் தெரியுதா?

— கட்டில். மேசை. நடுவுல கதவு.

— ம்.

— ஓகோ. அப்படிப் போகுதா கதை. ஸ்டூடண்ட்னு யாருமே இல்ல.

— என்ன சொல்றீங்க?

— நடிக்காத. நீயே உக்காந்து பண்ணியிருக்கே. எனக்கு உறைக்கணும்னு அட்டை வெட்டி, கட்டில் போட்டு, என் மேசையையும் வெச்சு ஒரு நாடகம். அனுப்புறதுக்கு முந்தின நாள் பாத்து சாப்பாட்டு மேசையில, என் கண்ணுல படற மாதிரி. ஏன், மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கலாமே, நீ கல் நெஞ்சுக்காரன்னு.

— எனக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் இல்ல.

— இருக்கு. நல்லாவே இருக்கு. ஆனா மட்டமான வேலை இது. அம்மாவோட நிலைமையை வெச்சு என்னைக் குத்திக் காட்டறே. பேச முடியாத ஒருத்தர் என்ன நினைக்கிறாங்கன்னு நீயா ஒரு கற்பனை பண்ணி, அதை அவங்க தலையில ஏத்தி... இதைத்தானே என்னைச் சொன்னே, ‘அவ என்ன சொல்ல வர்றான்னா’ன்னு? இப்போ நீ பண்ணியிருக்கிறது என்ன?

— நான் பண்ணினது என்னன்னு சொல்லட்டுமா? கத்தரிக்கோலால அட்டை வெட்டினேன். பசை தடவினேன். கதவு எங்கே, கட்டில் எங்கே, விளக்கு எந்தப் பக்கம்னு அவங்க விரலால காட்டக் காட்ட நான் ஒட்டினேன். எனக்கும் முதல்ல புரியல. விளக்கைக் கட்டில் பக்கம்தான் கொண்டு போனேன். மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தாங்க, மேசைப் பக்கம். டேப்லெட்ல ஒரு ப்ளாக்கைக் கூட நான் தொடல.

— தொடல. சரி, அப்போ யாரு அந்த மகா மேதை? இருந்தா கூப்பிடு. இப்பவே கூப்பிடு. நேருக்கு நேரா நிக்க வெச்சே நான் கேக்குறேன்.

— கூப்பிட்டா வர முடியாது. வலது கை வராது, அதான் எல்லா ப்ளாக்கும் இடது ஓரம். நீங்களே எழுந்து அந்த நடுக்கதவைத் திறங்க. திறந்து, உங்கம்மா முகத்தைப் பாத்து நீங்களே சொல்லிடுங்க, அவங்க போட்ட லாஜிக் தப்புன்னு.