காகித உறைக்குள் இருந்த படகுக்காரன்

நம் வாசகர் மன்றத்தை மாண்போடு நடத்திவரும் தலைவர் கவனிஷி அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் செய்துவிட்ட பெருமக்களே, பேரப்பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, தேநீர் எப்போது வரும் என்று கதவையே பார்க்கும் தோழர்களே, உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நான் கொகுரே. லிஃப்ட் பழுது பார்ப்பவன். பள்ளிப் படிப்போடு நின்றவன். முப்பது ஆண்டுகளாக நான் படித்த இலக்கியமெல்லாம் "ஆபத்து, தொடாதே" என்ற இரண்டு சொற்கள்தான். அப்படிப்பட்டவனைக் காதல் நாவல்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். தவறு உங்களுடையது; தண்டனையும் உங்களுக்கே.

காதல் கதையை நான் ஏன் படிக்கிறேன்? ரயிலில் நாற்பது நிமிடம் போக வேண்டும், அதனால் படிக்கிறேன். யாருக்கும் தெரியாமல் எப்படிப் படிக்கிறேன்? நிலையத்துக்கு எதிரே இருக்கும் புத்தகக் கடையில், "அட்டைக்கு மேலே காகித உறை போடட்டுங்களா?" என்று கேட்பார்கள். நான், "ரெண்டு போடுங்க" என்பேன். சிரிக்கிறீர்கள். உங்கள் மடியில் இருக்கும் புத்தகங்களுக்கும் அதே வெளிர்பச்சை உறை போட்டிருப்பதை இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் இக்கால நாவல். ஓர் ஆணும் பெண்ணும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு, முகம் பார்த்து, மௌனம் கலைந்து, மனம் கலந்துவிடுகிறார்கள். எழுத்து இனிமை. ஆனால் அன்பர்களே, மூன்று மணி நேரமா? எங்கள் ஆட்கள் இருபது நிமிடத்தில் வந்து நிற்பார்கள். காதல் வளர அவ்வளவு அவகாசம் நாங்கள் தருவதே இல்லை. இதுதான் அந்த நாவலைப் பற்றி என் கருத்து.

அடுத்தது வரலாற்று நாவல். அதை நான் வாங்கவில்லை. வீட்டு வாசலில், செருப்பு அலமாரியின் மேல், என் புத்தகம் என்று எண்ணி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். அதே கடை, அதே பச்சை, அதே மடிப்பு. ரயிலில் திறந்தால், லிஃப்டைக் காணவில்லை. ஆறு ஓடுகிறது, படகு வருகிறது. அது என் மகள் மிஹோகோவின் புத்தகம். பக்கங்களுக்கு நடுவிலிருந்து மடித்த தாள் ஒன்று மடியில் விழுந்தது. அதைப் படித்திருக்கக் கூடாது. படித்தேன். தலைப்பு: "அப்பாவிடம் சொல்ல வேண்டியவை."

ஒன்று, சாப்பாடு முடிந்த பிறகு. இரண்டு, பேஸ்பாலில் அப்பாவின் அணி தோற்ற நாளில் வேண்டாம். மூன்று, அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். நான்கு, முதலில் நாகசே என்று அவர் பெயரை மட்டும். ஐந்தாவதை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்திருந்தாள். நான்காவது முறை இப்படி: "அவர் மனைவி இறந்துபோனதும், அவருக்கு சுமிரே என்று ஒரு மகள் இருப்பதும். ஆறு வயது. இதைக் கேட்டால் அப்பாவின் முகம் எப்படிப் போகும்?"

எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல முகம் அல்ல அது. என் ஒரே மகளுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று கேட்ட முகம். அவள் எந்த முகத்துக்கு அஞ்சி அத்தனை முறை அடித்து எழுதினாளோ, அதே முகம். இறங்க வேண்டிய நிலையத்தையும் விட்டுவிட்டேன்.

அன்று முழுக்க அந்த நாவலைப் படித்தேன். கோட்டைக் காவல் தலைவரின் மகள் ஒரு படகுக்காரனை நேசிக்கிறாள். அப்பன் என்ன செய்கிறான்? இரவோடு இரவாகப் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறான். அன்புத் தாய்மார்களே, காதல் கதைகளில் அப்பன்மார்களுக்கு ஏன் இந்தக் கதி? ஒன்று கதவைப் பூட்டுகிறோம், அல்லது கயிற்றை அறுக்கிறோம், அதுவும் இல்லையென்றால் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறோம். "யாரம்மா அவன்?" என்று கேட்க ஒரு வரிகூட எங்களுக்கு எழுத மாட்டார்களா? கோபத்தோடு படித்தேன். படித்துக்கொண்டே போனபோது, கயிற்றை அறுக்கும் கத்தி யார் கையில் இருக்கிறது என்று எனக்கே புரிந்தது.

மாலையில் புத்தகத்தை, தாளோடு, எடுத்த இடத்திலேயே வைத்தேன். அன்று நம் அணி ஆறு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றிருந்தது. "பரவாயில்ல, நல்லாத்தான் ஆடினாங்க" என்றேன். என் மனைவி தொமோயே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்தது. மிஹோகோதான் ஆரம்பித்தாள்.

"அப்பா, லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட அந்த ரெண்டு பேரும் பாவம்."

"எந்த ரெண்டு பேரு?"

"பச்சை உறைக்குள்ள இருந்தாங்களே, அவங்க."

"ஏங்க, அப்பாவும் பொண்ணும் ஒரே கடையில உறை போட்டா இப்படித்தான்" என்றாள் தொமோயே. "இனிமே பேர் எழுதி ஒட்டுங்க."

நான் தொண்டையைச் செருமினேன். "உன் கதையில அந்தக் காவல் தலைவரை எனக்குப் பிடிக்கலம்மா."

"ஏன்? நல்லதுக்குத்தானே செஞ்சாரு."

"என்ன நல்லது? ஆத்தைத் தாண்டி வர்றவன் யாருன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?"

"கேட்டிருந்தாலும் அந்தப் பொண்ணு சொல்லியிருக்க மாட்டாப்பா. பயந்திருப்பா."

"முழுசா வேண்டாம். பேரை மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல."

மிஹோகோ தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "நாகசே."

படகுக்காரனின் பெயர் அதுவல்ல. தொமோயே கழுவ எடுத்த சூப் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல பேரு" என்றேன்.

"அப்பா, அவருக்கு..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. மறுபடி முயன்றாள், மறுபடி வரவில்லை. மூன்று முறை அடித்த இடம் அல்லவா அது?

நான் எழுந்து என் வேலைப் பையைத் திறந்தேன். அன்று மதியம் வாங்கியதை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சிகள். சிவப்பு, சின்னது, நுனியில் முயல் படம். கடைக்காரம்மா, "எத்தனை வயசுக்குங்க?" என்றார். "ஆறு" என்றேன். "பேத்தியா?" என்றார். "அதை எங்க வீட்ல இன்னும் என்கிட்ட சொல்லலங்க" என்றேன்.

தாளை நான் படித்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். மிஹோகோ குச்சிகளை எடுத்தாள். தன் உள்ளங்கையில் வைத்து அளந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நீளம்ப்பா" என்றாள். "அவ கை ரொம்பச் சின்னது."

அன்பர்களே, கல்லாதவன் கேட்கிறேன், காதல் நாவல் எதற்கு? பொழுது போக்கவா? போகட்டும். பொய்யில் மயங்கவா? மயங்கட்டும். ஆனால் நேருக்கு நேர் பேச நாக்கு எழாத வீடுகள் நம் ஊரில் எத்தனை? அன்பு இருந்தும் சொல் இல்லாத அப்பன்கள் எத்தனை? பயம் இருந்தும் பாசம் குறையாத மகள்கள் எத்தனை? அவர்களுக்காக யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஓர் ஆற்றை எழுதுகிறார், ஒரு படகை எழுதுகிறார். அந்தப் படகில் ஏறி நாங்கள் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அவருக்கு என் நன்றி. கயிற்றை அறுத்த அப்பனை மட்டும் அடுத்த பதிப்பில் கொஞ்சம் திருத்தச் சொல்லுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண்ணைத் துடைத்துவிட்டுத் தூசி விழுந்தது என்று சொல்லும் தோழர்களுக்கும், தேநீரைத் தாமதப்படுத்தி என்னைப் பேசவிட்ட தலைவர் அம்மையாருக்கும் நன்றி. இத்துடன் விடைபெறுகிறேன். கடை ஐந்து மணிக்கு மூடிவிடும். குச்சிகளை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுமிரேயும் அவள் அப்பாவும் வருகிறார்கள். வணக்கம்.