பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே

எனக்குக் கால் சின்னது. கடையில் ஆறாம் நம்பர் செருப்புக் கேட்டால், வீட்டில் யாருக்கு என்று கேட்பார்கள். இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது இன்ஸ்பெக்டர் சார், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நானும் கண்ணப்பனும் ஸ்ரீபெரும்புதூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அதுபோக ஒரு பழைய ஃபியட்டைச் சேர்ந்து வாங்கி ரேஸுக்குத் தயார் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் ரோட்டில் ஓட்டிப் பழகுவோம். இரண்டு பக்கமும் நெல் வயல், எப்போதாவது ஒரு பஸ். ஏரிக்கரை வளைவு ஒன்று உண்டு. அங்கேதான் பழக்கம்.

வளைவுக்கு முன்னால் வேகத்தையும் குறைக்க வேண்டும், கியரையும் இறக்க வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிடாமல் கிளட்சை விட்டால் பின் சக்கரம் உதறும். அதனால் வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, அதே காலின் குதிகாலைத் திருப்பி ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒரு காலுக்கு இரண்டு பெடல். கண்ணப்பனுக்குப் பெரிய பாதம். குதிகால்கூட வேண்டாம், பாதத்தைச் சாய்த்தாலே ஆக்சிலேட்டர் கிடைத்துவிடும். எனக்கு எட்டாது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி குலுங்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் காலையே பார்ப்பான்.

ஒருநாள் அவனே ஓர் இரும்புத் தகட்டை வெட்டி, ஆக்சிலேட்டர் பெடல் மேல் இரண்டு நட்டுப் போட்டுப் பொருத்தினான். நட்டைத் தளர்த்தினால் தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். நான் ஓட்டும்போது பிரேக்கை ஒட்டி வர வேண்டும். அவன் ஓட்டும்போது தள்ளிப் போக வேண்டும். இல்லாவிட்டால் அவனுடைய பெரிய ஷூ பிரேக்கோடு சேர்த்து அதையும் மிதித்துவிடும். தகட்டை நகர்த்துவது என் பொறுப்பு.

அந்தத் தகட்டால் எனக்கு ஓட்ட வந்தது. அடுத்த போட்டியில் அதே வண்டியை ஆளுக்கொரு தடவை ஓட்டினோம்; நேரத்தில் அவனை முந்திவிட்டேன். அன்று டீக்கடையில் எல்லாருக்கும் நடுவே கண்ணப்பன் என் தோளில் கை போட்டான்.

"இவன் காலு கொழந்த காலு. ஒரு தகடு வெச்சுக் குடுத்தேன், இப்போ பாரு, என்னியே முந்திக்கினான்."

பெருமையாகத்தான் சொன்னான். அவனுக்குப் பொறாமை தெரியாது. அன்றிலிருந்து என் பெயர் தகடு பாண்டு. மாணவர்கள்கூடப் பின்னால் அப்படிச் சொல்வார்கள். வீட்டில் காவேரியிடம் போட்டியில் கிடைத்த கோப்பையைக் காட்டினேன். துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, "கண்ணப்பன் அண்ணனுக்கு ஒரு நாள் சாப்பாடு போடணுங்க, அவர் கைராசி" என்றாள். என் மனைவியும் அப்படிச் சொன்னாள் சார்.

கெட்டது செய்தவனைத் திருப்பி அடிக்கலாம். நல்லது செய்தவனை என்ன செய்வது?

ஆகஸ்டு மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணப்பன் ஓட்டுவதாக இருந்தது. முந்தின நாள் நான் ஓட்டியிருந்தேன். தகட்டைத் தள்ளி வைக்க மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே வெகுநாள் சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக் குனிந்தேன். தள்ளுவதற்குப் பதிலாக, எனக்கு வேண்டிய இடத்தையும் தாண்டிப் பிரேக் பக்கம் இழுத்து, நட்டை நன்றாக இறுக்கினேன். ஊருக்குள் மெல்ல மிதித்து ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பிரேக்கை ஆழமாக அழுத்தினால்தான் அது கீழே இறங்கும், தகடு மேலே நிற்கும், ஷூ அதில் ஏறும். வளைவில் அவனும் ஒரு தடவை தடுமாறட்டும் என்று நினைத்தேன். வண்டி வயலில் இறங்கும், சேற்றோடு ஏறி வருவான், டீக்கடையில் நான் அவன் தோளில் கை போடுவேன். அவ்வளவுதான் நினைத்தேன். அந்த வளைவிலேயே பஸ் நிறுத்தம் இருப்பதும், சந்தைக்குப் போகிறவர்கள் காலையில் அங்கே நிற்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருந்தேன்.

நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்தேன். எஞ்சின் அலறும் சத்தம் எனக்குக் கேட்டது. பிரேக் பிடிக்கிறவனின் வண்டி அப்படி அலறாது. போய்ப் பார்த்தபோது ஃபியட் புளியமரத்தில் மோதி நின்றிருந்தது. சந்திரம்மாள் கத்திரிக்காய்க் கூடையோடு தனியாகப் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். மரத்துக்கு இந்தப் பக்கம் கிடந்தாள். கண்ணப்பன் நெற்றியில் ரத்தத்தோடு ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தான்.

"பாண்டு, எனக்கு ஒண்ணுமில்ல. அந்தம்மாவப் பாருடா."

"பாத்துக்குறேன்" என்றேன். அவன் கதவைத் திறந்து இறங்க முயன்று, தரையிலேயே மயங்கி விழுந்தான்.

ஸ்கூட்டரிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, அவன் கிடந்த இடத்தைத் தாண்டி நான் வண்டிக்குள் குனிந்தேன். நட்டு அசையவில்லை. நான்தான் அவ்வளவு இறுக்கியிருந்தேன். தகட்டை அவனுடைய இடத்துக்குத் தள்ளி, மறுபடி முடுக்கிவிட்டுத்தான் சந்திரம்மாளிடம் போனேன். அந்த வழியாக வந்த லாரியை நிறுத்தி, நானே கைகளில் தூக்கி ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், ரத்தம் நிறையப் போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சோதித்துப் பெடல்களில் குறையில்லை என்று எழுதினார். நானும் உங்கள் முன்னால் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணப்பன் எதையும் மறுக்கவில்லை. "என் காலுதான் சார் தப்பு பண்ணுச்சு" என்றான். ஜாமீனில் வந்ததிலிருந்து அவன் சைக்கிள்கூட மிதிப்பதில்லை. தெருவில் நடக்கும்போது வலது காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து வைக்கிறான். என் கண்ணெதிரிலேயே அப்படி நடக்கிறான். நான் அவனுக்குத் தைரியம் சொல்கிறேன்.

போன வாரம் சந்திரம்மாளின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். "நீ கூட வந்தாத்தான் எனக்கு வாசல் மிதிக்கத் தைரியம் வரும்" என்றான். வல்லம் வடகாலில் ஓட்டு வீடு. மகள் கனகம் அவனை உள்ளே விடவில்லை. அவன் வெயிலில் நின்றான். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மோர் கொடுத்தாள்.

"நீங்கதாண்ணா எங்கம்மாவத் தூக்கினு ஓடுனீங்கன்னு லாரிக்காரர் சொன்னாரு. பெத்த புள்ள மாதிரி தூக்கினாராம்னு ஊரே பேசுது." குனிந்து என் காலைத் தொட்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் இன்று வந்தேன் சார், மற்றதற்கெல்லாம் அல்ல. அவள் தொட்டபோது ஒரு நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது.

பிறகு அவள் கேட்டாள்: "அம்மா கடைசியா எதுனா சொன்னாங்களாண்ணா?"

"இல்லம்மா. நான் போறதுக்குள்ள நினைவு போயிட்டுது" என்றேன்.

இதை மட்டும் அவளிடம் நீங்கள்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். சந்திரம்மாளுக்கு நினைவு இருந்தது. கிடந்த இடத்திலிருந்து அவளுக்கு வண்டியின் உள்ளே நன்றாகத் தெரியும். நான் பெடலடியில் குனிந்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அங்க இன்னா தம்பி தேடுற? என்ன கொஞ்சம் தூக்கேன்" என்றாள். கோபமில்லாத குரல்.

"இதோ வந்துட்டம்மா" என்றேன். இரண்டாவது நட்டு பாக்கி இருந்தது.