பதினேழாவது செகண்டு தும்மல்

ரேவதி: தும்முங்க பாய்.

ஃபைஸ்: வரலையே மேடம்.

ரேவதி: அன்னிக்கு வந்துச்சுல்ல... நோட்டுலயே எழுதி வச்சிருக்கேன். மெஷின்ல கண்ணாடி சுத்த ஆரம்பிச்சு பதினேழாவது செகண்டு ஃபைஸ் பாய் தும்மினார். பதினெட்டாவது செகண்டு நான் அது மேல மருந்து ஒரு சொட்டு விட்டேன்.

ஃபைஸ்: மிளகாத்தூள் மோந்து பாக்கட்டுமா?

ரேவதி: அது வேற தும்மல். அன்னிக்கு வந்தது சளித் தும்மல்.

ஃபைஸ்: சளிக்கு இப்ப எங்க போறது... பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில மச்சான் ரோஸ் மில்க் கடையில ஐஸ் ஒடச்சு வந்த சளி அது. லேப் அசிஸ்டென்டுக்கு இதெல்லாமா வேலை?

ரேவதி: ஆறு வருஷம் பாய். சோலார் பேனல் கண்ணாடியில வெயில உறிஞ்சற பெரோவ்ஸ்கைட் படிகம் பூசறேன்னு ஆறு வருஷமா இந்த ரூம்ல கெடக்கேன். போன பௌர்ணமிக்கு மறுநாள் செஞ்ச அந்த ஒண்ணே ஒண்ணுதான் கருகருன்னு உருப்படியா வந்துச்சு. என் கைட் சக்கரபாணி சார் மூணு மணிக்கு வர்றாரு. அவர் கண்ணு முன்னாடி இன்னொண்ணு வரலைன்னா பேப்பருக்கு கையெழுத்து கிடையாது. இந்த மாசத்தோட எனக்கு டைம் முடியுது... சட்டை அதேதானே?

ஃபைஸ்: அதேதான். தோய்க்கக் கூடாதுன்னீங்க, மூணு நாளா தோய்க்கல. வீட்டுல பக்கத்துல உக்கார மாட்டேங்கறா.

ரேவதி: பால்கோவா?

ஃபைஸ்: ஆச்சு. அன்னிக்கு எதுக்கு மேடம் பால்கோவா குடுத்தீங்க?

ரேவதி: கண்ணாடி நல்லா வந்ததுக்கு.

ஃபைஸ்: கண்ணாடியப் பாக்கறதுக்கு முன்னாடியே கையில டப்பா இருந்துச்சே...

ரேவதி: டப்பான்னதும் ஞாபகம் வருது. உங்க சாப்பாட்டு டப்பாவுக்கு அன்னிக்கு மூடி இருந்துச்சு. இப்ப ஒரு மாசமா வாழையிலைய வச்சு நூல் கட்டிட்டு வர்றீங்க. மூடி எங்க?

ஃபைஸ்: தொலஞ்சு போச்சு. அதுக்கும் சோலாருக்கும் என்ன... ஹ... ஹச்.

ரேவதி: இப்ப வேணாம் பாய், நான் இன்னும் கண்ணாடியில கரைசலே ஊத்தல.

ஃபைஸ்: சரி, இந்தக் கண்ணாடி என்ன சாம்பல் பூசின மாதிரி இருக்கு?

ரேவதி: அன்னிக்கப்புறம் செஞ்சதுல பதிமூணாவது. பூரா ஓட்டை. ஹாட்பிளேட்ல காயறப்ப படிகம் அவசரமா முளைக்குது... குட்டிக் குட்டியா, ஒண்ண ஒண்ணு இடிச்சுகிட்டு, நடுவுல சந்து விட்டுட்டு. மெதுவா வளந்தாத்தான் பெருசாகும், நெருக்கமா உக்காரும். அன்னிக்கு மட்டும் ஏன் மெதுவா வளந்துச்சுன்னு...

ஃபைஸ்: மெதுவான்னா... பிரியாணிக்கு தம் போடற மாதிரியா?

ரேவதி: என்ன சொன்னீங்க?

ஃபைஸ்: ஒண்ணுமில்ல. சார் ஸ்கூட்டர் சத்தம் கேக்குது.

ரேவதி: மூக்குல நூல் விடுங்க, சீக்கிரம்.

சக்கரபாணி: என்ன ரேவதி, ரெடியா? ஃபைஸ் ஏன் மூக்குல நூலோட நிக்கறாரு?

ரேவதி: அது... ப்ராசஸ்ல ஒரு ஸ்டெப் சார்.

சக்கரபாணி: பேப்பர்ல இல்லையே.

ரேவதி: சேத்துடறேன் சார்.

சக்கரபாணி: ம். ஊத்து.

ரேவதி: பதினஞ்சு... பதினாறு...

ஃபைஸ்: ஹச்.

ரேவதி: பதினெட்டு. சொட்டு விட்டாச்சு. ஹாட்பிளேட்ல வச்சாச்சு. பத்து நிமிஷம் சார்.

சக்கரபாணி: அன்னிக்கு பத்து நிமிஷமும் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்னு நோட்டுல எழுதியிருக்க.

ரேவதி: ...ஆமா சார்.

சக்கரபாணி: கண்ண எடுக்காம.

ரேவதி: ...ஆமா சார்.

ஃபைஸ்: கொஞ்சம் நகருங்க மேடம்.

ரேவதி: பாய், எதப் போட்டு மூடறீங்க...

சக்கரபாணி: சாப்பாட்டு டப்பா மூடியா அது? டீ கிளாஸ உள்ள கொண்டாந்த வாட்ச்மேன என்ன பண்ணேன்னு ஞாபகம் இருக்கா?

ஃபைஸ்: இருக்கு சார். அதான் ஒரு மாசமா வாயத் திறக்கல. அன்னிக்கு டியூப்லைட்டுல ஒரு பல்லி... நேரா கண்ணாடிக்கு மேல. விழுந்துட்டா மேடத்துக்கு யாரு பதில் சொல்றது? வீட்டுல குழம்புச் சட்டிய மூடற மாதிரி மூடிட்டேன். மருந்து பாட்டில்ல விஷம்னு எழுதியிருக்கறதால மூடிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல, பெஞ்சுக்கு அடியிலயே வச்சுட்டேன்.

ரேவதி: ஆவி வெளிய போக முடியாம உள்ளயே நின்னிருக்கு... அதான் மெதுவா... எவ்வளவு நேரம் மூடி வச்சிருந்தீங்க?

ஃபைஸ்: நீங்க வர்ற வரைக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஜாஸ்தியே இருக்கும்.

சக்கரபாணி: வர்ற வரைக்குமா? எங்கருந்து வர்ற வரைக்கும்?

ஃபைஸ்: ...போச்சு. மன்னிச்சுக்குங்க மேடம்.

ரேவதி: சார்... நான் அன்னிக்கு இங்க இல்ல. ஹாட்பிளேட்ல வச்சுட்டு ஓடிட்டேன். நோட்டுல எழுதினது பொய். பயந்துட்டேன் சார்.

சக்கரபாணி: மூடிய எடுக்காத ஃபைஸ். ஒரு மணி நேரம் இருக்கட்டும். எல்லாரும் உக்காருங்க.

ஃபைஸ்: மணி நாலேகால் ஆச்சு, ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு. திறக்கட்டுமா சார்?

சக்கரபாணி: திற.

ரேவதி: சார்... கருப்பா... என் மொகம் தெரியுது சார் அதுல.

சக்கரபாணி: நோட்ட எடு. பழசை அடிச்சுட்டு நடந்தத நடந்தபடி எழுது. மூடி, ஒரு மணி நேரம், பல்லி, எல்லாம்.

ஃபைஸ்: தும்மல் சார்?

சக்கரபாணி: தும்மல் வேணாம்.

ஃபைஸ்: மூணு நாள் சட்டை...

ரேவதி: நான் எங்க போனேன்னும் எழுதணுமா சார்? வேங்கிக்கால் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல லைசென்ஸ் டெஸ்டு. ஸ்கூட்டர்ல எட்டு போடப் போனேன்... நாலாவது தடவை. பாஸானதுக்குத்தான் பால்கோவா.

சக்கரபாணி: தெரியும். உனக்குப் பின்னாடி வரிசையில ஹெல்மெட்டக் கழட்டாம ஒருத்தன் நின்னானே, அது நான்தான். நோட்டுல பொய்னு தெரியும், எப்படித் தெரியும்னு சொல்ல முடியல... அதான் திரும்பச் செஞ்சு காட்டச் சொன்னேன். இருபது வருஷமா லைசென்ஸ் இல்லாமத்தான் ஓட்டறேன். அன்னிக்கும் எட்டுல பாதியிலயே கால ஊனிட்டேன். இந்தா சாவி, வீடு வரைக்கும் நீ ஓட்டு.