முகம் பார்த்துப் பேசத் தடை

குற்றாலம் போகிற பஸ் மேலகரத்தில் சீசன் நெரிசலில் நின்றுவிட்டது. என் முன் சீட்டில் கடையநல்லூர்த் தம்பதி, மடியில் சின்ன மகள். கணவர் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார்.

"நம்ம நாட்டுலயும் வீடியோ காலைத் தடை பண்ணணும். அப்பதான் முன்னேறும்," என்றார் அவர்.

"எதுக்காம்?" என்றாள் மனைவி.

"அங்கன சினிமால முத்தம் வந்தா வெட்டிருதான். வாட்ஸப்புல முகம் பாத்துப் பேச விட மாட்டான். நாடு எப்படி இருக்குன்னு நெனைக்க?"

"அது எண்ணெய்க் காசு."

"கட்டுப்பாடு இல்லாம எண்ணெய் இருந்து என்ன செய்ய?"

"அப்ப தெனமும் எங்கூட முகம் பாத்துப் பேசுனியளே?"

"அது திருட்டு ஆப். எங்க ரூம்ல எல்லாரும் வச்சிருக்கோம்."

பஸ் நகராமல் இருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"இவ வயித்துல இருக்கும்போது போனீய. போன வாரந்தான் திரும்பி வந்தீய. நீங்க கட்டுப்பாடா இருந்திருந்தா, ஏர்போர்ட்டுல உங்களப் பாத்ததும் வாப்பான்னு ஓடி வந்திருப்பாளா?"

அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"சரி, சினிமாவ மட்டும் வெட்டட்டும்."