மாஸ்டர் எழுதினால் பலிக்கும்

நாலு மணிக்குக் கேக் வெட்டினோம். கிளறன்ஸ் மாஸ்டருக்கு எண்பது வயது. கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்கு ரயிலில் போய் அவர் வீட்டில் கூடுவது எங்கள் வாசகர் வட்டத்தின் வழக்கம். ஒவ்வொரு பிறந்த நாளிலும், அவருடைய விஞ்ஞானக் கதைகளில் அந்த வருடம் பலித்த ஒன்றைச் செயலாளர் அறிவிப்பார். செயலாளர் நான்.

கதைகள் தாமாகப் பலிப்பதில்லை. முதல் வருடமே அது எனக்குப் புரிந்துவிட்டது. குரங்குகள் ஒரு கூட்டத்தைக் கலைக்கும் என்று எழுதியிருந்தார். கண்டியில் நாங்கள் எடுத்த மண்டபத்தின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மேடைக்கடியில் வாழைப்பழச் சீப்புகளை வைத்தேன். பத்திரிகையில்கூட வந்தது. மறுவருடம், நாய்கள் குரைக்காத வீதி. அதற்குக் கொஞ்சம் இறைச்சி தேவைப்பட்டது. அந்த வீதிக்காரர்கள் நன்றாகத் தூங்கியிருப்பார்கள்.

மாஸ்டர் சிரிப்பார். "நான் கதை எழுதுனேன்ப்பா, சாத்திரமா சொன்னேன்?"

தன் பெருமை அவருக்குத் தெரியாது. அதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இம்முறை மிஞ்சியது அவருடைய கடைசிக் கதை. அதில் ஓர் எழுத்தாளர் தன் எண்பதாவது பிறந்த நாளில், கூரையில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போது விழுந்து இறக்கிறார்.

வட்டத்தில் வாய் நீண்டவள் ஜெஸ்மின்.

"ரவி அண்ணே, ஆளு ரெண்டாவது துண்டு கேக்கும் திங்கிறாரு. இது பலிக்காது. அடுத்த வருசம் இந்த அறிவிப்ப விட்டுட்டு, கதையப் படிச்சுப் பேசுவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் கைதட்டினார்.

நான் கோபப்படவில்லை. அவர் இன்னும் சில வருடம் இருப்பதா, அவர் பெயர் நிலைப்பதா என்று மட்டும் யோசித்தேன். பிறந்த நாள் மலருக்கு அட்டைப் படம் ஒன்று வேண்டும், கூரையில் நின்று, வானத்தைப் பார்ப்பதுபோல, என்றேன். மறுக்கத் தெரியாத மனிதர். வீட்டின் பின்புறம், பாசி பிடித்த சீமெந்துத் தரையில் ஏணியை ஊன்றிக் கூரையில் சாத்தினேன். மற்றவர்கள் உள்ளே ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். படம் அழகாக வந்தது. அஞ்சலிப் பதாகையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் தள்ளவில்லை, இன்ஸ்பெக்டர் சேர். அதை எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்டர் முதுகைக் காட்டி ஒரு காலால் படியைத் தேடியபோது, என் இரண்டு கைகளும் கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தன.

"ரவி, ஏணியப் புடிச்சிருக்கியாப்பா?"