ஈரக்குடை வழக்கு

எனக்கு மழை பிடிக்கும். மழை ஓயாத இந்தச் சுவா நகரத்தில் குடியிருந்துகொண்டு மழையைத் திட்டுவது வீண் வேலை. மற்றவர்கள் குடையை மறந்துவிட்டு பஸ் நிலையத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் எப்போதும் இரண்டு குடைகளோடுதான் கிளம்புவேன். ஒன்று எனக்கு, இன்னொன்று அலேசிக்கு. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது, சார்ஜென்ட். அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

சட்டக் கல்லூரி விடுதியில் அலேசியும் நானும் ஒரே அறை. அவள் கந்தாவு தீவுக்காரி. அவள் ஊரிலிருந்து சட்டம் படிக்க வந்த முதல் ஆள். ஊர்க் கடற்கரையை ஓர் ஓட்டல் கம்பெனி குத்தகைக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. எங்கள் பெண் வக்கீலாகி வந்து பேசுவாள், அதுவரை பொறுங்கள் என்று ஊரார் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் வரும்போதெல்லாம் அவளுக்கு மரவள்ளிக்கிழங்கு மூட்டை வரும். அதில் பாதி எனக்கு. அவள் அப்பா தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிறவர். வீட்டு ஜெபத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்வாராம். தங்கமான குடும்பம், நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அவள் நிலச் சட்டம் எடுத்தாள், நான் இணையச் சட்டம் எடுத்தேன்.

"ஏன்டி வசிதி, காத்துல பறக்கறதுக்கெல்லாம் ஒரு சட்டமா?" என்று கிண்டல் செய்வாள்.

"உன் மண்ணு எங்கயும் ஓடிப் போகாது. அதுல படிக்க என்னடி இருக்கு?" என்று நானும் விட மாட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். நல்ல நாட்கள்.

இணையச் சட்டம் நடத்தியவர் பிரனீதா மேடம். லம்பாசா ஊர்க்காரர், படபடவென்று பேசுவார். முதல் வகுப்பிலேயே எங்களைக் கதிகலங்க வைத்துவிட்டார். "பரீட்சையெல்லாம் எனக்கு வேணாம். உயிரோட இருக்கற ஒரு வழக்கு கொண்டு வாங்க. இணையத்துல அடிபட்ட ஒருத்தர் பக்கத்துல நில்லுங்க. புகார் எழுதுங்க, ஆதாரம் சேருங்க, கடைசிவரைக்கும் கூடவே போங்க." முதலாவதாக வருகிறவருக்குப் பெரிய வக்கீல் அலுவலகம் ஒன்றில் இடம் காத்திருந்தது. அது எனக்கு வேண்டும். ஆசைப்படுவது குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

என்னோடு படித்த செமி, பழைய வேன் வாங்க முன்பணம் அனுப்பி ஏமாந்த தன் சித்தப்பாவை மறுவாரமே பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் சொந்தக்காரர்கள் யாரும் எதிலும் ஏமாறுவதில்லை. அத்தைகளுக்கெல்லாம் போன் போட்டு, யாராவது உங்களை இணையத்தில் திட்டினார்களா என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் திட்டவில்லை. அலேசியைக் கேட்கவே வேண்டாம். அவளைத் திட்ட யாருக்கு மனசு வரும்?

அப்புறம்தான் 'ஈரக்குடை' என்று ஒரு பக்கம் வந்தது. நடத்துகிறவர் பெயர் கிடையாது. அலேசி பரீட்சையில் பார்த்து எழுதித்தான் பாஸ் செய்தாள் என்று முதல் பதிவு. விடுதி முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் படித்துவிட்டது.

"யாருடி இது? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

தேநீர் போட்டுக் கொடுத்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். "அழாத. நான் எதுக்கு இருக்கேன்? புகார் குடுத்துடலாம்," என்றேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் நிற்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அது புத்தகத்தில் வராது.

அந்தப் பக்கத்தைத் தொடங்கியதும் நான்தான். மறைக்கிற எண்ணம் இல்லை. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், அவ்வளவுதான்.

புகார் நன்றாக வந்திருந்தது. ஆனால் இணையப் புகார்களை விசாரிக்கிற அலுவலகம் என்ன பதில் போட்டது தெரியுமா? பாதிப்பு கடுமையானதாகத் தெரியவில்லை, மேல்நடவடிக்கைக்கு இடமில்லை. நான் கோபப்படவில்லை. சட்டம் அப்படித்தான், ஓர் அளவுகோல் வேண்டுமே. அந்த அளவு எட்டவில்லை என்றால் எட்ட வைக்க வேண்டியது வழக்கை எடுத்தவர் பொறுப்பு.

வகுப்பில் அவதூறு முடிந்து, அடுத்து மிரட்டல் பற்றி நடத்தினார்கள். ஈரக்குடையில் மிரட்டல் வந்தது. அலேசி தனியாகக் குளியலறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் கதவுக்கு வெளியே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை பேர் செய்வார்கள், சொல்லுங்கள்.

அதற்கடுத்து ஆள்மாறாட்டம். அலேசி பெயரிலேயே ஒரு கணக்கு தொடங்கி அவள் ஊர்க்காரர்களுக்கு எழுதினேன். கம்பெனியோடு பேசிவிட்டேன், கடற்கரையைக் கொடுத்துவிடலாம், எனக்கும் ஒரு பங்கு தருகிறார்கள் என்று. அவள் பேசுகிற மாதிரியே எழுத வந்தது எனக்கே ஆச்சரியம். ஒரே அறையில் இருந்ததன் பலன்.

கடைசியாக, போலிப் படங்கள். கம்பெனி ஆட்கள் நடுவே உட்கார்ந்து அலேசி உறையை வாங்குகிற மாதிரி ஒரு படம் செய்தேன். ஆபாசமாக எதுவும் இல்லை. அதில் நான் கண்டிப்பு.

அந்த ஊரில் போன் சிக்னல் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் மட்டும்தான் கிடைக்கும். சாயங்காலம் எல்லோரும் அங்கே ஏறி நிற்பார்கள். அலேசியின் அப்பா படத்தைப் பார்த்தது அங்கேதான், ஊரே சுற்றி நிற்கும்போது. மனுஷன் அப்படியே இறங்கி வீட்டுக்குப் போனாராம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு வேறொருவர் நின்றார். ஊர்க்கூட்டத்தில் அலேசி இனி எங்களுக்காகப் பேச வேண்டாம் என்று முடிவாயிற்று. அவள் படிப்பை விட்டுவிட்டுக் கப்பலுக்குச் சீட்டு எடுத்தாள். அவள் துணிகளை நான் மடித்து அடுக்கிக் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை, ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு அடுக்கினேன்.

கப்பல்துறைக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மழை. அந்த நேரம் பார்த்து என் போனில் அலுவலகத்தின் பதில் வந்து விழுந்தது.

"அலேசி, ஏத்துக்கிட்டாங்கடி. கடுமையான பாதிப்புன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நாம ஜெயிச்சுட்டோம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உனக்கு சந்தோஷமா இருக்கா, வசிதி?"

"உனக்காகத்தான்டி."

குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே படியேறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

இந்த வழக்கைப் பற்றி வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரைதான் முதல் இடம். பிரனீதா மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இந்த ஈரக்குடைக்கு யார் பாடம் எடுத்தாங்க, வசிதி?"

"புரியல, மேடம்."

"அவதூறு, மிரட்டல், ஆள்மாறாட்டம், போலிப் படம். நான் எந்த வரிசையில நடத்தினேனோ அதே வரிசையில இவனும் பண்ணியிருக்கான். அதுவும் நான் நடத்தினதுக்கு அப்புறம்தான்."

"தற்செயலா இருக்கலாம், மேடம்."

"பாடத்திட்டத்துல ஆள்மாறாட்டம்தான் முதல்ல, மிரட்டல் அதுக்கப்புறம். திங்கட்கிழமை பிரிவுக்கு அப்படித்தான் எடுத்தேன். வியாழக்கிழமை புயல் வந்து கரண்டு போச்சு. போலிக் கணக்கைத் திரையில காட்ட முடியாதுன்னு உங்க பிரிவுக்கு மட்டும் மாத்திச் சொல்லிக்குடுத்தேன். உங்க பிரிவுல இருக்கறதே ஏழு பேரு. அலேசி கூட ஒரே அறையில இருக்கறது யாரு?"

நான் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. புயல் அன்றும் முட்டளவு தண்ணீரில் நடந்து போனேன். பாருங்கள், ஒழுங்காகப் படித்ததே வினையாகிவிட்டது. ஆனாலும் மேடம் அவ்வளவு கூர்ந்து படித்திருந்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "நான்தான், மேடம். நிஜ வழக்கு வேணும்னு நீங்கதானே கேட்டீங்க," என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மேடம் உங்களுக்குப் போன் செய்தது அதற்குப் பிறகுதான்.

ஜாமீனில் வந்ததும் என் தாய்மாமா, எங்கள் வழக்கத்தில் மன்னிப்புக் கேட்கும்போது கொடுக்கிற திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கந்தாவு போனார். மன்னிப்புக் கேட்க வேண்டிய விதத்தில் கேட்டோம். பாயில் தலை குனிந்து உட்கார்ந்தே கால் மரத்துப் போயிற்று. அலேசியின் அப்பா வெகுநேரம் அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் வாங்கிக்கொண்டார்; வாங்கினால் மன்னித்ததாக அர்த்தம். "இத்தோட முடிஞ்சுது. பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க," என்றார். பேச ஆளில்லாமல் போன அந்தக் கடற்கரையில் கம்பெனிக்காரர்கள் வேலி போட ஆரம்பித்திருந்தார்கள். அலேசி உள்ளேதான் இருந்தாள், வெளியே வரவில்லை. அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம். வீட்டில் ஒரு போன்கூட வைத்துக்கொள்ள விடுவதில்லையாம்.

அதனால் எங்கள் வழக்கப்படி விஷயம் முடிந்துவிட்டது, சார்ஜென்ட். நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்கு வியப்பு.

ஆனால் அரைகுறையாக விடுவது என் குணமில்லை. ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. அழித்தல். ஒருவரைப் பற்றிய அவதூறுகளை இணையத்திலிருந்து சுத்தமாகத் துடைத்தெடுப்பது எப்படி என்ற பாடம். மேடம் அதை நடத்துவதற்குள் இந்தக் களேபரம் வந்துவிட்டது. நானே உட்கார்ந்து படித்துக்கொண்டேன். அலேசிக்காக அதையும் செய்து கொடுக்கப் போகிறேன். அழிக்கச் சொல்லும் மனுவில் அவளுடைய கையெழுத்து ஒன்று போதும். கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரும்.

ஒரே ஒரு சிக்கல். நீங்கள் ஈரக்குடையை மூடிவிட்டீர்கள். அழிக்க வேண்டுமென்றால் முதலில் அங்கே ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? நல்லவேளை, ஆதாரம் என்று எல்லாவற்றையும் நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். இன்று மதியம் இங்கே வருவதற்கு முன்னால் ஒன்றுவிடாமல் புதுப் பக்கம் ஒன்றில் மறுபடி ஏற்றிவிட்டேன். இந்தத் தடவை படத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கிறேன். சாயங்காலம் ஆகிவிட்டது, ஊர்க்காரர்கள் மேடு ஏறும் நேரம்தான் இது.

எங்கே அவசரமாகக் கிளம்புகிறீர்கள்? வெளியே மழை பிடித்துக்கொண்டது. குடை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது.